பெர்மிட்டில் இருந்த முகம்

வியாகுலமேரிக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகப்போகிறது. அதில் புருஷனோடு வாழ்ந்தது ஐம்பத்தொன்பது நாள். யாராவது அறுபது நாள் என்று சொல்லிவிட்டால் அவள் விடமாட்டாள், ஐம்பத்தொன்பது என்று திருத்துவாள். 1954 நவம்பரில், ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது என்பதால், அதற்கு ஒரு வாரம் முந்தி அவசர அவசரமாகத் தாலி கட்டினார் ஞானராஜ். அடுத்த ஜனவரி இருபதாம் தேதி பினாங்குக் கப்பலைப் பிடிக்கப் பஸ் ஏறிவிட்டார். ஆறே மாதத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்த ஆறு மாதம் வருவதாக இல்லை. முதல் வருஷம் தங்க வீடில்லை என்று எழுதினார். இரண்டாம் வருஷம் துறைமுகக் கிடங்கில் வேலை நிரந்தரமாகவில்லை என்றார். மூன்றாம் வருஷம் இங்கே மாமியார் ஜெபமாலையம்மாள் வரப்பில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள், அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. நான்காம் வருஷம் யாரும் காரணமே சொல்லவில்லை. புருஷன் அக்கரையில், பெண்டாட்டி ஆவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. பூசைக்குப் போனால், "கடுதாசி வந்துச்சா?" என்று கேட்பார்கள். "வந்துச்சு" என்பாள். அதோடு பேச்சு முடியும்.

1959 வெயில் காலத்தில் வந்த கடிதம் அப்படி முடிகிற கடிதமாக இல்லை. ஞானராஜ் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு மேல் எழுதமாட்டார். இது நாலு பக்கம். மலாயாவில் புதுச் சட்டம் போடுகிறார்களாம். புருஷனை விட்டுப் பிரிந்து ஐந்து வருஷம் முழுசாக ஆகிவிட்ட பெண்டாட்டியை இனிமேல் நாட்டுக்குள் விடமாட்டார்களாம். "நாம் பிரிந்து வருகிற ஜனவரி இருபதோடு ஐந்து வருஷம். அதற்குள் நீ இங்கே கால் வைத்தாக வேண்டும். தவறினால் பிறகு எந்த ராஜா சொன்னாலும் நடக்காது. கோயிலிலிருந்து கல்யாணச் சான்றும் உன் போட்டோவும் உடனே அனுப்பு. இங்கே நான் பெர்மிட்டுக்கு மனுப் போடுகிறேன். அங்கே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு."

வியாகுலமேரி அதைக் கொல்லையில் நின்றபடி மூன்று தரம் படித்தாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் மூன்று தரம் படித்தாள். பிறகு வீட்டுக்குள் ஓடினாள். இருபத்துமூன்று வயதுப் பெண் அப்படி ஓடினால் மாமியார் என்ன சொல்வாள் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. ஒரு சட்டம் வந்து மிரட்டினால்தான் சில புருஷன்மாருக்குப் பெண்டாட்டி ஞாபகம் வரும் போலிருக்கிறது. அவர் என்றைக்கோ செய்திருக்க வேண்டியதை எவனோ ஓர் அதிகாரி செய்ய வைத்தான். அந்த அதிகாரி பெயர் தெரிந்திருந்தால் அன்றைக்கே மாதா கோயிலில் அவனுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள்.

கல்யாணச் சான்று சுலபமாகக் கிடைத்தது. பங்குச் சாமியார் பெரிய புத்தகத்தைப் பிரித்து லத்தீனில் இருந்ததை எழுதிக் கொடுத்து முத்திரையும் போட்டார். போட்டோதான் பெரிய பாடாகிவிட்டது.

"தனியா ஒருத்தியப் படம் புடிக்கக் கூடாதுடி" என்றாள் ஜெபமாலையம்மாள். "தனி மொகமா எடுத்தா அது செத்தவங்களுக்கு மாட்டுற படமாப் போயிரும். ஆயுசக் கொறைச்சுப்புடும். கூட ஒரு ஆளு நிக்கட்டும்."

அந்தக் கூட நிற்கிற ஆள் யார் என்பதையும் அவள் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தாள். மகள் அருள்ராணிக்குப் பதினெட்டு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட ஒரு படம் வேண்டும். ஒரே படத்தில் இரண்டு காரியமும் முடிந்துவிடும் அல்லவா? ஜெபமாலையம்மாள் வேதக் காரியத்திலும் வீட்டுக் காரியத்திலும் எதையும் வீணாக்காதவள்.

மூன்று பேரும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போனார்கள். நாகராசு ஸ்டூடியோ கீழராஜ வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில். உள்ளே போனதும் மாமியார், மருமகளின் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம் ஞானராஜ் கொடுத்தனுப்பிய பதக்கம் வைத்த சங்கிலி அது. அதை அருள்ராணி கழுத்தில் போட்டாள். மருமகளின் வளையல்களும் கல்யாணப் பட்டுப் புடவையும் முன்னமேயே அருள்ராணி மேல் ஏறியிருந்தன.

"ஒனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே. அவளுக்குல்ல ஆகணும்" என்றாள்.

வியாகுலமேரி முகம் சுளிக்கவில்லை. அருள்ராணியை அவளுக்குப் பிடிக்கும். ஐந்து வருஷமாக அந்த வீட்டில் அவளோடு சிரித்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான். வந்த புதிதில் மூக்கு ஒழுகப் பாவாடையோடு திரிந்த பெண், இப்போது அண்ணியை விட அரை விரற்கடை உயரம். சாதாரணப் பருத்திப் புடவையும் மஞ்சள் கயிறுமாக வியாகுலமேரி நின்றாள், பக்கத்தில் ஜொலிக்க ஜொலிக்க அருள்ராணி நின்று அண்ணியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். நாகராசு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "சிரிக்கக் கூடாது, மூச்சு விடக் கூடாது" என்றார். இரண்டு பேரும் இரண்டையும் அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

படம் நன்றாகவே வந்திருந்தது. அதை மடியாமல் அட்டை வைத்து, சாமியார் சான்றோடு பினாங்குக்கு அனுப்பினார்கள். கடிதத்தில் எல்லாச் சமாச்சாரமும் எழுதினாள். காளை கன்று விற்றது, மழை பெய்யாதது, மாமியார் காலில் வலி குறைந்தது என்று ஒன்று பாக்கியில்லை. படத்தில் எது நான் என்று மட்டும் எழுதவில்லை. புருஷனுக்குப் பெண்டாட்டி எது என்று யாராவது எழுதிக் காட்டுவார்களா?

பாஸ்போர்ட்டுக்கும் அதே படம்தான். தனி முகம் வேண்டும் என்று அவர்கள் கேட்டதால் நாகராசு அருள்ராணியை நீக்கிவிட்டு வியாகுலமேரியை மட்டும் அச்சுப் போட்டுக் கொடுத்தார். ஆனால் தோளில் கிடந்த கையை அவரால் நீக்க முடியவில்லை. ஆகவே பாஸ்போர்ட்டில் வியாகுலமேரியின் முகத்தோடு, இடது தோளில் யாருடையதோ நாலு விரலும் இருந்தன. விசாரணைக்கு வந்த ஹெட் கான்ஸ்டபிள் மனுவில் ஒட்டியிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது யார் வெரலு?"

"எங்க நாத்தனா வெரலுங்க."

"அவங்களும் கப்பல்ல வாராங்களா?"

"இல்லைங்க, வெரலு மட்டும்தான் வருது."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அக்டோபரில் பாஸ்போர்ட் வந்துவிட்டது. வியாகுலமேரி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். கரம்பைக்காட்டில் கடலை பிடுங்கும்போதும், உரலில் குத்தும்போதும், சேசுவே, பெர்மிட் வரணும் என்பதே அவளுக்கு ஜெபமாக இருந்தது. ஜனவரி ஒன்பதாம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து கப்பல். அதை விட்டால் அடுத்தது மாதக் கடைசியில்தான். அதில் ஏறிப் பிரயோஜனமில்லை. கறம்பக்குடிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அவள் அண்ணன் மைக்கேல்சாமி ஒன்பதாம் தேதிக் கப்பலுக்கு முன்கூட்டியே சீட்டுக்குச் சொல்லிவைத்தார்.

நவம்பர் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை. அந்தக் கிராமத்துக்குத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள்தான் தபால். தபால்கார ஐயனார் தெருமுனையில் வரும்போதே பெல்லை அடித்துக்கொண்டு வந்தார். ரிஜிஸ்தர் தபால். வியாகுலமேரி கையெழுத்துப் போட்டபோது பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. அண்ணனும் அன்றைக்கு வந்திருந்தார். மாமியார் சிலுவை போட்டுக்கொண்டாள். அருள்ராணி அண்ணியின் தோள் மேல் எட்டிப் பார்த்தாள். தடித்த தாள். மேலே இங்கிலீஷ். நடுவில் "மிஸஸ் வியாகுலமேரி, ஞானராஜின் மனைவி". அதற்குப் பக்கத்தில் ஒட்டிய படம். முகத்தில் பாதியும் தாளில் பாதியுமாக ஊதா முத்திரை.

எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் அருள்ராணிதான் மெதுவாகச் சொன்னாள்.

"மதினி, இது நானு."

பட்டுப் புடவையும் பதக்கச் சங்கிலியுமாக, மூச்சு விடாமல் நிற்கிற அருள்ராணி. ஞானராஜின் மனைவி என்று சர்க்கார் முத்திரை போட்டு ஒப்புக்கொண்ட அருள்ராணி.

ஐயனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பொண்ணு அழகாத்தான் இருக்கு. ஆனா ஆளு வேறயால்ல இருக்கு" என்றார். போகவும் மனமில்லாமல் வாசலிலேயே நின்றார்.

ஜெபமாலையம்மாள் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு யோசித்தாள். அவள் யோசித்தால் ஏதாவது ஒரு வழி வந்துவிடும், அது நல்ல வழியா என்பதுதான் வேறு விஷயம்.

"அந்தப் பட்டையும் சங்கிலியையும் போட்டுக்க. முக்காட்டை நல்லா இழுத்துவிட்டுக்க. கும்பல்ல போறவ மொகத்த எவன் பாக்கப் போறான்? ஆபீசருக்கு எல்லாப் பொம்பளையும் ஒண்ணுதான்."

"ஆபீசருக்கு ஒண்ணு இல்லைங்க அத்தை" என்றார் மைக்கேல்சாமி. "பாஸ்போர்ட்ல ஒரு மொகம், பெர்மிட்ல ஒரு மொகம்னா நாகப்பட்டினத்துலயே புடிச்சு வச்சுருவான். கப்பலும் போகும், மானமும் போகும். இதத் திருப்பி அனுப்பிச்சு, வேற படம் வச்சு, வேற பெர்மிட்டுதான் வாங்கணும். நாள் இருக்கு. ஏர்மெயில்ல போட்டா ஒரு வாரம்."

அவர்கள் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். வியாகுலமேரி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோவில் இரண்டு பேர் நின்றோம். அதில் ஒருத்தியை வெட்டி எடுத்து மனுவில் ஒட்டியிருக்கிறார்கள். யார் வெட்டினது? மனு எழுதுகிற குமாஸ்தா யாராவது, நகை போட்டவள்தான் பெண்டாட்டி என்று நினைத்து வெட்டினானா? அப்படித்தான் இருக்கும். இருக்க வேண்டும். இல்லை, அவரே வெட்டினாரா?

ஐம்பத்தொன்பது நாளும் விடிந்ததும் பார்த்த முகம் ஒரு மனுஷனுக்கு மறக்குமா? மறந்துபோன முகத்தோடு அங்கே போய் என்ன செய்வது? போகத்தான் வேண்டும், போனால்தானே கேட்க முடியும் என்று அதற்கும் அவளே பதில் சொல்லிக்கொண்டாள். கோபம் வர வர அவளுக்குப் போகிற ஆசையும் கூடியது.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு அவள் தயாராகி நின்றாள். மாமியார் வழியை மறித்தாள்.

"நாகராசுகிட்ட ஒன் பாதிப் படம் இருக்குல்ல. அதையே அச்சுப் போட்டு அனுப்பு."

"அதுல வெரலு இருக்கு அயித்தை. இந்தத் தடவ யாரு வெரலும் வேணாம். நான் மட்டும் ஒக்காரப் போறேன்."

"தனியாவா? ஆயுசு கொறையும்டி."

"கொறஞ்சாக் கொறையட்டும். இங்கிட்டே ஒக்காந்து நூறு வயசு இருந்து என்ன செய்யப் போறேன்."

ஐந்து வருஷத்தில் அவள் மாமியாரிடம் சொன்ன பதில்களிலேயே நீளமானது அதுதான். ஜெபமாலையம்மாளுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. வழியை விட்டாள். விட்டதோடு, உள்ளே போய்ப் பதக்கச் சங்கிலியை எடுத்துவந்து மருமகள் கழுத்தில் அவளே போட்டாள். வியாகுலமேரி அதைக் கழற்றித் திரும்பக் கொடுத்துவிட்டாள். நகை இல்லாமல்தான் உட்காரப் போகிறேன், அப்போதுதான் முகம் தெரியும் என்றாள்.

நாகராசு நாற்காலி போட்டார். பின்னால் மலையும் அருவியும் எழுதிய திரை. எப்போதும் நாலு பேருக்கு நடுவில் நின்றே பழகியவள், முதல் தரமாக ஒரு நாற்காலியில் தன்னந்தனியாக உட்கார்ந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம் அல்ல. திருவிழாவில் ராட்டினம் மேலே போய் நிற்கும்போது இருக்குமே, அது. காமிராவின் கண்ணாடிக் குமிழை நேராகப் பார்த்தாள். அதற்குப் பின்னால் பினாங்கு இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு பார்த்தாள். நாகராசு துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "மொறைக்காதிங்கம்மா" என்றார்.

"மொறைக்கலீங்க. அடையாளம் தெரியணும்னு பாக்குறேன்."

படம் மறுநாளே கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் தன் கையாலேயே எழுதினாள்: "இதுதான் உங்கள் பெண்டாட்டி வியாகுலமேரி." கடிதத்தில் ஊர்ச் சமாச்சாரம் ஒன்றும் எழுதவில்லை. புதுப் படம் வைத்திருக்கிறேன், பழைய பெர்மிட் இத்துடன் வருகிறது, பழைய போட்டோவை யார் வெட்டினது என்று மூன்றே வரி. மைக்கேல்சாமி படித்துவிட்டு, "என்ன ஆத்தா, தந்தி மாதிரி எழுதியிருக்கே" என்றார். புதுக்கோட்டையிலேயே ஏர்மெயிலில் ரிஜிஸ்தர் செய்தார்கள்.

டிசம்பர் முழுக்க அந்த வீட்டில் யார் காலும் தரையில் பாவவில்லை. அண்ணன் ஒரு தகரப் பெட்டி வாங்கி, மேலே அவள் பெயரை வெள்ளைப் பெயின்டில் எழுதிக் கொண்டுவந்தார். அம்மை குத்திக்கொள்ளப் போய்வந்து இரண்டு நாள் கை வீங்கிக் கிடந்தாள். அதையும் ஏதோ பரிசு வாங்கியது போல எல்லோரிடமும் காட்டினாள். மிளகாய்ப் பொடி, கொத்தமல்லிப் பொடி, உப்புக்கண்டம், எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் பெட்டிக்குள் போய்க்கொண்டே இருந்தன. தெருவில் ஒவ்வொருத்தியும் வந்து பினாங்கில் இருக்கிற தன் தம்பிக்கு, மச்சானுக்கு, சின்னையா மகனுக்கு என்று ஒரு பொட்டலம் கொடுத்தாள். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பெர்மிட் இன்னும் வரவில்லை என்று யாராவது நினைவுபடுத்தினால், "வரும்" என்பாள். அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு அவளிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு கடிதம் வந்தது. "புதுப் போட்டோ கொடுத்தாகிவிட்டது. பெரிய அதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் விசாரித்தார். தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இடையில் பண்டிகை லீவு வருகிறது. ஒன்பதாம் தேதிக் கப்பலை விட்டுவிடாதே." யார் வெட்டினது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். கவரைப் பிரித்துப் பார்த்தாள். இல்லை. சரி, நேரில் கேட்டுக்கொள்கிறேன் என்று மடித்து வைத்தாள்.

புது வருஷம் பிறந்தது. நாலாம் தேதி திங்கள், அவளுக்குத் தபால் இல்லை. ஆறாம் தேதி புதன், மூன்று ராஜாக்கள் திருநாள். பூசை முடிந்து வந்து வாசலிலேயே நின்றாள். ஐயனார் பெல்லை அடிக்காமல் வந்தார். அவள் கேட்பதற்கு முன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த தபால் வெள்ளிக்கிழமை பகல். ஆனால் வெள்ளிக்கிழமை விடியும்போதே நாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டாக வேண்டும்.

மாமியார் முதல் முறையாக அழுதாள். "எல்லாம் என்னாலதான். ஒரு படத்துல ரெண்டு காரியம்னு நெனச்சேன்ல" என்றாள். வியாகுலமேரிக்கு அழ நேரமில்லை. ரிஜிஸ்தர் தபால் புதுக்கோட்டைக்கு வந்துதானே இங்கே வரவேண்டும்? அது வந்து வெள்ளிக்கிழமைக்காக அங்கே காத்துக்கொண்டு கிடந்தால்? வியாழக்கிழமை காலை பஸ் ஏறினாள். அண்ணன் வந்து சேரும்வரை காத்திருக்கவில்லை. அருள்ராணி மட்டும் கூட வந்தாள்.

பெரிய தபாலாபீஸ் ஜன்னலில் இருந்த குமாஸ்தா மூக்குப்பொடி போடுகிற ஆசாமி. அவள் சொன்னதைக் கேட்டார்.

"கிராமத்துத் தபால் கிராமத்துலதாம்மா டெலிவரி. இங்க கைல குடுக்கறதில்ல."

"நாளைக்கு அது அங்க வரும்போது நான் நாகப்பட்டினத்துல இருப்பேங்க. மறுநா கப்பலு. இந்தக் கப்பல விட்டா என்னைய அந்த நாட்டுக்குள்ள விடமாட்டாக. வந்திருக்கான்னு மட்டும் பாருங்க. இல்லேன்னா போயிடுறேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். வியாகுலமேரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அருள்ராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே தபால்களைப் பிரித்துப் போடுகிற சத்தம் கேட்டது. நீண்ட நேரம் கழித்து அவர் ஒரு பழுப்புக் கவரோடு திரும்பினார். காலை மெயிலில்தான் வந்து இறங்கியிருந்தது.

"நீங்கதான் வியாகுலமேரின்னு எப்படித் தெரியும்?"

அவள் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். தோளில் இருந்த விரல்களில் கண் நின்றது. அருள்ராணி கையை எடுத்து அண்ணியின் இடது தோளில் அதே மாதிரி வைத்தாள். குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய்ப் போஸ்ட்மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தார்.

அங்கேயே பிரித்தாள். அதே தடித்த தாள், அதே ஊதா முத்திரை. நடுவில் அவள். தனியாக, நகையில்லாமல், முறைத்துக்கொண்டு. அருள்ராணி அண்ணியைக் கட்டிக்கொண்டு தபாலாபீஸ் வாசலிலேயே குதித்தாள். வியாகுலமேரியும் குதித்திருப்பாள், பெர்மிட் மடங்கிவிடுமே என்று பயந்தாள்.

மறுநாள் விடியும்போது தெருவே பஸ்ஸுக்கு வந்தது. மாமியார் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "அவன் சாப்பாட்டுல உப்புக் கூடக் கேப்பான், குடுக்காத" என்றாள். அருள்ராணி அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு வியாகுலமேரியும் அழுதாள். பஸ் திரும்பியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். நாகப்பட்டினத்தில் அண்ணன் அவளைக் கப்பலேற்றிவிட்டார். அங்கே அதிகாரி பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

கடலில் ஆறு நாள். முதல் இரண்டு நாள் வாந்தி எடுத்தே தீர்ந்தது. மூன்றாம் நாளிலிருந்து தளத்தில் உட்கார்ந்து, அவரிடம் கேட்கவேண்டியதை ஒத்திகை பார்த்தாள். எடுத்த எடுப்பில் கேட்டுவிட வேண்டும். "எம் மொகம் ஒங்களுக்கு மறந்து போச்சுல்ல?" இல்லை, இது கொஞ்சம் அழுகிற மாதிரி இருக்கிறது. "ஒங்க பெண்டாட்டி யாருன்னு இப்பவாவது தெரியுதா?" இது சரி. இதை நின்று நிதானமாக, குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டது. கோபம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் கரை தெரிந்ததும் எல்லோருக்கும் முன்னால் கம்பியோரம் போய் நின்றவள் அவள்தான்.

ஜனவரி பதினைந்து. ஐந்து நாள் மிச்சம். பினாங்கு ஆபீசர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தம் அவளுக்குக் கோயில் மணி போலக் கேட்டது. தகரப் பெட்டியைக் கூலியாள் கொண்டுவந்து வெளியே போட்டுவிட்டுப் போனான். வாசலில் ஏகப்பட்ட கூட்டம். ஒல்லியாக, சுருட்டை முடியும் அரும்பு மீசையுமாக, கழுத்து எலும்பு தெரிய நிற்கிற ஒரு ஆளை அவள் தேடினாள். அப்படி மூன்று பேர் இருந்தார்கள், மூன்று பேரும் வேறு யாரையோ கட்டிக்கொண்டார்கள். வரவில்லையா? வேலையிலிருந்து விடவில்லையா? எம்பி எம்பிப் பார்த்தாள்.

அவளுக்கு எதிரே ஒரு ஆள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடி போட்ட, தொப்பை வைத்த, முன்தலை வழுக்கையான ஆள். மீசை இல்லை. நகரவும் மாட்டேன் என்கிறார், அவளையே பார்த்துக்கொண்டு வேறு நிற்கிறார்.

"கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரர் வருவாரு. மறைக்குது."

அவர் தள்ளி நிற்கவில்லை.

"யாரத் தேடுறே, வியாகுலம்?" என்றார்.

அந்தக் குரல் மட்டும் மாறவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். கப்பலில் மனப்பாடம் செய்த வாக்கியம் வாய்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"நான்தான் வெட்டுனேன்" என்றார் ஞானராஜ். அவள் கேட்காமலே சொன்னார். "குமாஸ்தா கேட்டான், இதுல ஒன் சம்சாரம் யாருன்னு. ரெண்டு மொகத்தையும் பாத்தேன். கொஞ்ச நேரம் பாத்தேன். அப்பறம் நான் அனுப்பிச்ச சங்கிலி யார் கழுத்துல கெடக்குன்னு பாத்து வெட்டிக் குடுத்தேன். ஒன் கடுதாசியப் பாத்ததும் செத்துப் போயிட்டேன். என்னன்னு பதில் எழுதுறது? பொய் எழுத மனசு வரல. நெசத்த எழுதினா நீ வராமப் போயிருவியோன்னு பயம்."

கூட்டம் இடித்துக்கொண்டு போனது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டு வாங்கத்தான் நின்றார் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆறு மாதம் என்று சொல்லி ஐந்து வருஷம் ஆக்கிய மனிதர், அதற்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவளுக்கோ சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஒங்கள இப்பத்தான் தள்ளி நில்லுங்கன்னு சொன்னேன்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"நான் என்னத்தச் சொல்லி ஒங்கள ஏசுறது" என்றாள் வியாகுலமேரி. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நாற்காலியில் தனியாக உட்கார்ந்தபோது பார்த்த மாதிரியே நேராகப் பார்த்தாள். "நல்லாப் பாத்துக்கங்க. நானும் பாத்துக்கிறேன்."

ஞானராஜ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். யாரோ வண்டிக்காரன் வழி விடச் சொல்லிக் கத்தினான். இரண்டு பேரும் நகரவில்லை.